இரண்டாம் பிரெடெரிக்கின் மனைவிகளும் பிள்ளைகளும்: வம்சப்படத்தை எப்படி வரைவது?

குறிஞ்சிப்பூ கேட்டது:

புனித ரோமப் பேரரசர் இரண்டாம் பிரெடெரிக்குக்கு (1194–1250) ஒரு பக்க வம்சப்படம் வேண்டும். அவருடைய ஹோஹென்ஸ்டாஃபன் வம்சம் இருந்த இடம் தெரியாமல் போனதைச் சொல்லும் கட்டுரைக்கான படம் அது. முட்டுகிற இடங்கள் இவை:

மனைவிகள் மூன்று என்கிறது ஒரு பட்டியல், நான்கு என்கிறது இன்னொன்று. காதலி பியாங்கா லாஞ்சாவை எங்கே வைப்பது? ஹென்றி என்ற பெயரில் இரண்டு மகன்கள் வருகிறார்கள். கான்ஸ்டன்ஸ் என்ற பெயரோ அம்மா, மனைவி, மகள், பேத்தி என நாலு பேருக்கு இருக்கிறது. மணத்துக்கு வெளியே பிறந்த என்ஸோவுக்குச் சார்டீனிய அரசர் பட்டம் எப்படிக் கிடைத்தது? எருசலேம் பட்டம் யார் வழி வந்தது? இத்தனை பிள்ளைகள் இருந்தும் அவர் இறந்த 18 ஆண்டுகளில் சட்டப்படியான ஆண்வாரிசு அற்றுப்போனது எப்படி?

ஏட்டுச்சுவடி:

பெயர்களைக் கொஞ்ச நேரம் ஒதுக்கிவிட்டு ஒரு காலக்கோடு போடுங்கள். அவர் மனைவியோடு இருந்த காலம் எது, மனைவி இல்லாத காலம் எது என்று தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும்.

அரகான் கான்ஸ்டன்ஸ்: 15 ஆகஸ்ட் 1209 முதல் 23 ஜூன் 1222 வரை.
எருசலேம் இசபெல்லா (யொலாண்டா என்பதும் இவரே): 9 நவம்பர் 1225 முதல் மே 1228 வரை.
இங்கிலாந்து இசபெல்லா: 15 ஜூலை 1235 முதல் 1 டிசம்பர் 1241 வரை.

மூவருமே கணவர் உயிரோடு இருக்கும்போது இறந்தவர்கள். ஆக, 1222–25, 1228–35, 1241–50 என்ற மூன்று காலங்களில் பிரெடெரிக் மனைவியை இழந்தவர். பிள்ளைகளின் பிறந்த ஆண்டை இந்தக் கோட்டின் மேல் குறியுங்கள். முறையான மணத்தில் பிறந்து நிலைத்தவர்கள் நாலு பேர். முதல் தாரத்துக்கு ஹென்றி (1211). இரண்டாம் தாரத்துக்குக் கொன்ராட் (25 ஏப்ரல் 1228). மூன்றாம் தாரத்துக்கு இளைய ஹென்றி (1238), மார்கரெட் (1241). குழந்தையிலேயே இறந்தவர்களாகச் சில பட்டியல்கள் சேர்க்கும் பெயர்கள் படத்துக்குத் தேவையில்லை.

பியாங்கா லாஞ்சாவின் பிள்ளைகள் மூவர்: கான்ஸ்டன்ஸ் (1230 வாக்கில்), மான்ஃப்ரெட் (1232), வியொலாந்தே (1233 வாக்கில்). மூவரும் 1228–35 இடைவெளியில் விழுகிறார்கள். இது சின்ன விஷயமில்லை. 12ஆம் நூற்றாண்டில் போப் மூன்றாம் அலெக்சாண்டர் கொடுத்த தீர்ப்பின்படி, பெற்றோர் பின்னால் மணம் முடித்துக்கொண்டால் அதற்கு முன் பிறந்த பிள்ளைகளும் முறைப்பிள்ளைகள் ஆவார்கள். ஒரு நிபந்தனை உண்டு. பிள்ளை உருவான சமயத்தில் அப்பாவோ அம்மாவோ வேறொருவரின் துணையாக இருந்திருக்கக் கூடாது. மான்ஃப்ரெட் அந்தச் சோதனையில் தேறுகிறார். என்ஸோ தேறமாட்டார். அவர் பிறந்தபோது கான்ஸ்டன்ஸ் உயிரோடு இருந்தார். பிரெடெரிக் 1212இல் ஜெர்மனிக்குப் போக, கான்ஸ்டன்ஸ் 1216 வரை சிசிலியில் ஆட்சிப் பொறுப்பில் இருந்தார். என்ஸோவின் தாய் அடெல்ஹைட் இந்த ஜெர்மன் காலத்துத் தொடர்பு.

எனவே மணத்துக்கு வெளியே பிறந்த எல்லாரையும் ஒரே பெட்டியில் அடைக்காதீர்கள். பியாங்காவின் மூவருக்குத் தனிக் கோடு, மற்றவர்களுக்கு வேறு கோடு.

நாணயப்பை:

ஒவ்வொரு மணமும் என்ன கொண்டுவந்தது என்று பெட்டிக்குக் கீழே ஒரு வரி போட்டால் படம் பேசும்.

முதல் மணம் போப் மூன்றாம் இன்னசென்ட் பேசி முடித்தது. மாப்பிள்ளைக்கு 14 வயது, அப்பா அம்மா இல்லாத பையன். பெண்ணுக்கு 30ஐ ஒட்டிய வயது. ஹங்கேரி அரசர் இம்ரேயின் விதவை. முதல் கணவருக்குப் பிறந்த மகனையும் இழந்தவர். சிசிலிக்குள்ளேயே சொல்பேச்சு கேட்காத பிரபுக்களை அடக்கக் கையில் படை இல்லாத பையனுக்குச் சீதனமாக வந்தது 500 குதிரை வீரர்கள். கூட்டிவந்தவர் பெண்ணின் தம்பி, புரொவான்ஸ் பிரபு அல்ஃபோன்ஸோ. வந்த சில மாதங்களில் கொள்ளைநோய் புகுந்து அல்ஃபோன்ஸோவையும் வீரர்களில் பெரும் பகுதியையும் கொண்டுபோனது. மிஞ்சியது மனைவி மட்டும்தான். ஆனால் அந்த மனைவிதான் லாபம்: கணவர் ஜெர்மனியில் அரசுரிமைக்காக அலைந்த நாலு ஆண்டும் சிசிலியைக் கட்டிக் காத்தது அவர். 22 நவம்பர் 1220இல் ரோமில் இருவருக்கும் சேர்ந்தே முடிசூட்டு. மூன்று பேரில் கணவரோடு அப்படி முடிசூடியவர் இவர் மட்டும்.

பலெர்மோ பேராலயத்தில் அவரை வைத்திருப்பது பழைய ரோமானியக் கல்பேழை ஒன்றில். சிசிலியின் அரசி, பேரரசி கான்ஸ்டன்ஸ், பிரெடெரிக்கே, உன்னவள் இங்கே குடியிருக்கிறேன் என்ற பொருளில் இரண்டடிப் பாட்டு அதில் இருக்கிறது. 1491இல் பேழையைத் திறந்தபோது ஒரு முடி கிடைத்தது: மணிகளும் முத்தும் பதித்த தொப்பி, இரு பக்கமும் தொங்கும் சரங்கள். அது பைசாந்திய ஆண் பேரரசர்கள் அணியும் வடிவம். கணவர் தன் முடியையே உள்ளே வைத்தார் என்று பல ஆய்வாளர்கள் கருதுவது அதனால்தான்.

இரண்டாம் மணத்தில் வந்த சொத்து எருசலேம் அரசுரிமை. அது இசபெல்லாவுக்கு இறந்துபோன அம்மா மரியா வழி வந்தது. அப்பா பிரியென் ஜான் அதுவரை அரசராக இருந்தது முதலில் அரசியின் கணவர் என்ற முறையிலும், பிறகு மகளின் காப்பாளர் என்ற முறையிலும்தான். மகளுக்குக் கல்யாணம் ஆனதும் உரிமை கணவருக்குப் போகும் என்று சொல்லி, பிரிண்டிசியில் மணம் முடிந்த கையோடு பிரெடெரிக் மாமனாரின் பட்டத்தைப் பிடுங்கிக்கொண்டார். சட்டப்படி அதில் தவறில்லை. ஆனால் கொன்ராடைப் பெற்ற சில நாட்களில், 16 வயதை ஒட்டி, இசபெல்லா அந்திரியாவில் இறந்துபோனார். உடனே உரிமை கைக்குழந்தை கொன்ராடுக்குப் போய்விட்டது. மாமனாருக்குக் காட்டிய சட்டம் இரண்டரை ஆண்டில் மருமகன் மேலேயே திரும்பியது. 18 மார்ச் 1229இல் எருசலேமில் அவர் முடியணிந்து நின்றபோது கணக்குப்படி அவர் மகனின் காப்பாளர், அதற்கு மேல் இல்லை. அங்குள்ள பிரபுக்கள் சபை இதைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. ஆகவே உங்கள் படத்தில் எருசலேம் முத்திரை மரியா, இசபெல்லா, கொன்ராட், அவர் மகன் கொன்ராடின் என்று இறங்க வேண்டும். பிரெடெரிக் பக்கவாட்டில் தொடுகிறார், அவ்வளவே.

மூன்றாம் மணம் ரொக்கம். இங்கிலாந்து அரசர் மூன்றாம் ஹென்றியின் தங்கைக்குச் சீதனம் 30,000 மார்க் வெள்ளி. மார்க் என்பது நாணயமல்ல, கணக்கு அலகு: 160 பென்னி. ஆக 20,000 பவுண்டு. இதைத் திரட்ட இங்கிலாந்தில் ஒவ்வொரு வீரமானிய நிலத்துக்கும் (போர்ச்சேவைக்காகத் தரப்பட்ட நிலம்) 2 மார்க் வரி போட்டார்கள், பணம் தவணை தவணையாகத்தான் போய்ச் சேர்ந்தது. பணத்தைவிடப் பெரிய பலன் வேறு. ஹோஹென்ஸ்டாஃபன்களின் பழைய எதிரியான வெல்ஃப் குடும்பத்துக்கு இங்கிலாந்து அரச குடும்பம் உறவு. வோர்ம்ஸில் கல்யாணம் முடிந்த மறுமாதமே மைன்ஸ் பேரவையில் வெல்ஃப் வாரிசு ஓட்டோவுக்குப் பிரன்ஸ்விக்–லூனெபர்க் பிரபுப் பதவி கொடுத்து அந்தத் தலைமுறைப் பகையை முடித்தார்கள்.

கோட்டைவாசல்:

ஏட்டுச்சுவடி சொன்ன காலக்கோடு சரி. பியாங்காவுக்குத் தனிக் கோடு போட்டதோடு நிறுத்தியதில்தான் எனக்கு உடன்பாடில்லை. மனைவிகள் நால்வர் என்றே போடலாம்.

மரணப் படுக்கையில் இருந்த பியாங்காவைப் பிரெடெரிக் மணந்தார் என்று அக்காலத்து வரலாற்றாசிரியர் மேத்யூ பாரிஸ் எழுதுகிறார். பாதிரியார் இல்லை, ஊரறிய நடக்கவில்லை, பிரெடெரிக்கோ சபைநீக்கம் ஆனவர் (திருச்சபையிலிருந்து விலக்கப்பட்டவர்), ஆகவே செல்லாது என்று பலர் தள்ளுகிறார்கள். அது பிற்காலத்துச் சட்டத்தை முன்னால் கொண்டுபோய்ப் பொருத்துவது. திருமணம் செல்லுபடியாகப் பாதிரியாரும் சாட்சிகளும் கட்டாயம் என்றானது 1563இல், கத்தோலிக்கத் திருச்சபையின் திரெந்து பொதுச்சங்கத்தில். 13ஆம் நூற்றாண்டில் இருவரின் சம்மதமே மணத்தை உண்டாக்கும். 1215இன் நான்காம் லாத்தரன் சங்கம் மறைவு மணத்தைத் தடைசெய்தது உண்மை. தண்டனை உண்டே தவிர, மணம் இல்லையென்று ஆகிவிடாது. சபைநீக்கமும் சம்மதத்தை அழிக்காது.

ஏட்டுச்சுவடி:

சட்டம் நீங்கள் சொன்னபடிதான். சிக்கல் சாட்சியத்தில் இருக்கிறது. சம்மதம் போதும், ஆனால் சம்மதம் நடந்தது என்று யார் சொல்வது? மேத்யூ பாரிஸ் இங்கிலாந்தில் செயின்ட் ஆல்பன்ஸ் மடத்தில் உட்கார்ந்து, வந்த செய்தியைப் பதிந்தவர். திருச்சபை அந்த மணத்தை ஏற்கவே இல்லை.

இதைவிட உறுதியான ஆவணம் டிசம்பர் 1250 உயில். அதில் கொன்ராட் முதல் வாரிசு. அவர் பிள்ளையில்லாமல் இறந்தால் இளைய ஹென்றி. அவருக்குப் பின் மான்ஃப்ரெட். மூன்றாம் இடம் என்றாலும் வரிசைக்குள் இருக்கிறார். தரந்தோ சிற்றரசும், கொன்ராட் இல்லாதபோது இத்தாலியைப் பார்க்கும் பொறுப்பும் அவருக்கு. போர்க்களத்தில் அப்பாவுக்கு வலக்கையாக இருந்த என்ஸோவின் பெயர் உயிலிலேயே இல்லை. பிரெடெரிக்கின் மனதில் மான்ஃப்ரெட் எந்தத் தட்டில் இருந்தார் என்பதற்கு இது போதும். நான் வரைந்தால் மூன்று மனைவிகளுக்கு இரட்டைக் கோடு, பியாங்காவுக்குப் புள்ளிவைத்த இரட்டைக் கோடு, மற்றவர்களுக்கு ஒற்றைப் புள்ளிக் கோடு. கோட்டைவாசல் இதை ஏற்பாரா தெரியவில்லை.

கோட்டைவாசல்:

புள்ளிவைத்த இரட்டைக் கோடு என்றால் சரி. ஒற்றைக் கோடு என்றால் சண்டைதான்.

குறிஞ்சிப்பூ:

எருசலேம் விஷயம் தெளிந்தது. மகள்களை எப்படிக் காட்டுவது? பெரும்பாலான படங்களில் மருமகன் பெயர் மட்டும்தான் இருக்கிறது. என்ஸோவும் பாக்கி.

உப்பளக்காற்று:

இரண்டையும் சேர்த்தே பார்க்கலாம். பிரெடெரிக்கின் கொள்வினை கொடுப்பினையில் ஒரு ஒழுங்கு இருந்தது. முறைப்பிள்ளைகளை அரச குடும்பங்களில் கொடுத்தார். மற்றவர்களைத் தளபதிகள், கூட்டாளிகள் வீட்டில் கொடுத்துக் கட்டிப்போட்டார். செல்வாஜ்ஜாவை 1238இல் வெரோனாவில் எட்ஸெலினோ த ரோமானோவுக்குக் கொடுத்தார். வட இத்தாலியில் பேரரசர் தரப்பின் முரட்டுத் தூண் அந்த ஆள். வியொலாந்தே கசெர்தா பிரபு ரிக்கார்தோவுக்கு, மணத்துக்கு வெளியே பிறந்த இன்னொரு மகள் மார்கரெட் அக்குயினோ குடும்பத்துத் தொம்மாஸோவுக்கு.

என்ஸோ ஆண் என்பதால் அவருக்கு நிலமுள்ள பெண்ணைப் பார்த்தார்கள். சார்டீனியா அப்போது, நீதிபதி என்ற பட்டத்தோடு ஆண்டவர்களின் நாலு அரசுகளாகப் பிரிந்து கிடந்தது. அதில் தொர்ரெஸ், கல்லூரா இரண்டிலும் உரிமை கொண்ட விதவை அடெலாசியா. 1238இல் மணம், கையோடு சார்டீனிய அரசர் பட்டம். போப் ஒன்பதாம் கிரெகோரிக்குச் சார்டீனியா தன் மேலாண்மைக்கு உட்பட்ட தீவு. தன்னைக் கேட்காமல் நடந்த இந்தக் கல்யாணம், 20 மார்ச் 1239இல் பிரெடெரிக்கை இரண்டாம் முறை சபைநீக்கம் செய்தபோது குற்றப்பட்டியலில் ஏறியது. என்ஸோ ஒரு வருடத்துக்குள் தீவை விட்டு அப்பாவின் போருக்குக் கிளம்பியவர், திரும்பவே இல்லை. மணமும் பின்னால் ரத்தானது. அதனால் படத்தில் பட்டத்தைப் போடுங்கள், ஆட்சிக்கால ஆண்டுகளைப் போடாதீர்கள். போட்டால் 1272 வரை ஆண்டது போல ஆகிவிடும். 26 மே 1249இல் ஃபொஸ்ஸால்தாவில் பொலோஞ்ஞாக்காரர்கள் பிடித்தார்கள். 14 மார்ச் 1272இல் சாகும்வரை, 22 ஆண்டுக்கு மேல், அந்த ஊர் மாளிகையில் காவலில்.

மகள்களில் பெட்டியைப் பெரிதாகப் போட வேண்டியவர் பியாங்காவின் கான்ஸ்டன்ஸ். நைசியப் (பைசாந்தியத்தின் தொடர்ச்சியான அரசு) பேரரசர் மூன்றாம் ஜான் வதாட்ஸெஸுக்கு மணம் முடித்து அன்னா என்று பெயர் மாற்றினார்கள். மணமகளுக்குப் பதின்மூன்று பதினாலு வயது, மணமகன் ஐம்பதைத் தொட்டவர். மணமகளோடு தோழியாகப் போன இத்தாலியப் பெண்ணையே அவர் ஆசைநாயகியாக வைத்துக்கொண்டார். 1254இல் விதவை. பிறகு அடுத்து வந்த பேரரசர் எட்டாம் மைக்கேல் பாலியோலோகஸ் மணக்கக் கேட்டபோது மறுத்து, கடைசியில் கைதாகியிருந்த நைசியத் தளபதி ஸ்த்ராதேகோபூலோஸை விடுவிப்பதற்கு மாற்றாகத் தாய்நாடு வந்தார். தம்பி மான்ஃப்ரெட் மாண்டபின் அரகான் இளவரசரை மணந்திருந்த தம்பி மகளிடம் போய், 1307இல் வலென்சியாவில் இறந்தார். அப்பாவுக்குப் பின் 56 ஆண்டு வாழ்ந்தவர். கான்ஸ்டன்ஸ் குழப்பத்துக்கு வழி: இவருக்குக் கான்ஸ்டன்ஸ்–அன்னா என்றே எழுதுங்கள். மற்றவர்களுக்குச் சிசிலி (தாய்), அரகான் (மனைவி), மான்ஃப்ரெட் மகள் (பேத்தி) என்று ஒட்டுச்சொல்.

மூன்றாம் தாரத்தின் மகள் மார்கரெட்டையும் விட்டுவிடாதீர்கள். மைசென் வெட்டின் குடும்பத்து ஆல்பிரெக்டுக்கு நிச்சயம் பண்ணினார்கள். சீதனம் 10,000 மார்க். கையில் காசில்லாததால் அல்டென்பர்க், கெம்னிட்ஸ், ஸ்விக்காவ் அடங்கிய பிளைஸன் நாட்டை அடமானம் வைத்தார்கள். காசு போகவே இல்லை, நிலம் வெட்டின் குடும்பத்துக்கே தங்கியது. 1270இல் கணவரின் கொடுமை தாங்காமல் வார்ட்பர்க் கோட்டையை விட்டு இரவோடு இரவாக வெளியேறி, அதே ஆண்டு ஃபிராங்க்ஃபர்ட்டில் இறந்தார். ஆனால் இவருடைய மகன் வழியில்தான் சாக்சனி அரசக் கிளைகள் எல்லாம் இறங்குகின்றன. ஆண்வழி மட்டும் வரைந்தால் இது கண்ணுக்கே தெரியாது.

ஏட்டுச்சுவடி:

ஹென்றிகளுக்கு வருகிறேன். மூத்தவர் 1211இல் பிறந்து, மறு ஆண்டே சிசிலி அரசராகவும், 1220இல் ஜெர்மன் அரசராகவும் ஆக்கப்பட்டவர். அந்தத் தேர்தலுக்கு விலையாகத் திருச்சபைப் பிரபுக்களுக்கு நாணயம் அடிப்பது, சுங்கம் போடுவது போன்ற உரிமைகளைப் பிரெடெரிக் தாரைவார்த்தார். வளர்ந்த மகன் ஜெர்மானியப் பிரபுக்களோடு மோதி, 1234இல் வட இத்தாலிய நகரங்களின் லொம்பார்டிக் கூட்டணியோடு சேர்ந்து அப்பாவுக்கு எதிராகக் கிளம்பினார். 1235 கோடையில் சரண். பிறகு தென் இத்தாலியில் சிறை, 1242இல் மரணம், கொசென்ஸாவில் அடக்கம். இவரை ஹென்றி (ஏழு) என்று எண்ணை அடைப்புக்குறிக்குள் போட்டே எழுதுவார்கள். தனியாட்சி செய்யாததால் எண் கணக்கில் சேரவில்லை. அடைப்புக்குறியை விட்டுவிட்டால் 1308இல் வந்த லக்சம்பர்க் ஏழாம் ஹென்றி ஆகிவிடுவார். பட்டியல்களை ஒட்டவைக்கும்போது அடிக்கடி நடக்கும் பிழை இது.

இளைய ஹென்றி மூன்றாம் தாரத்தின் மகன். கார்லோத்தோ என்ற செல்லப் பெயரும் உண்டு, படத்தில் அதையே போடுங்கள். மூத்தவர் உயிரோடு சிறையில் இருக்கும்போதே பிறந்தவர், அதனால் இரண்டு ஹென்றிகளும் நாலு ஆண்டு ஒரே சமயத்தில் இருந்தார்கள்.

இன்னொரு எச்சரிக்கை: நிச்சயம் ஆனவர்களை மனைவியாக்காதீர்கள். போகீமியாவின் அக்னெஸை மூத்த ஹென்றிக்குப் பேசி, 1225இல் ஆஸ்திரியாவின் மார்கரெட்டை முடித்தார்கள். பிறகு பிரெடெரிக்கே தனக்குக் கேட்டார். அக்னெஸ் 1234இல் பிராகில் துறவு மடம் புகுந்தார். சில வலைப்படங்களில் அவர் மனைவிகள் வரிசையில் நிற்கிறார்.

நாணயப்பை:

கடைசிக் கேள்விக்குத் தேதிகளே பதில். மூத்த ஹென்றியின் மகன் பிரெடெரிக்குக்கு உயிலில் ஆஸ்திரியா எழுதி வைத்திருந்தது. தாத்தா போன கொஞ்ச நாளில் பேரனும் போய்ச் சேர்ந்தார். கார்லோத்தோ 1253 கடைசியில், 15 வயதில். கொன்ராட் 21 மே 1254இல் லவெல்லோவில் மலேரியாவில், 26 வயதில். மூன்றரை ஆண்டில் முதல் வரிசை காலி. மிஞ்சியது இரண்டு வயதுக் கொன்ராடின், அதுவும் ஆல்ப்ஸ் மலைக்கு அந்தப் பக்கம் பவேரியாவில் தாய்மாமன் வீட்டில்.

இந்த இடைவெளியில் மான்ஃப்ரெட் காப்பாளராக நுழைந்தார். 1258இல் கொன்ராடின் இறந்துவிட்டான் என்ற வதந்தியை வைத்து பலெர்மோவில் முடிசூடினார். பையன் உயிரோடு இருப்பது தெரிந்த பிறகும் முடியைக் கழற்றவில்லை. போப்புகளுக்கு அது வசதியாகப் போனது. முறைப்பிள்ளை அல்லாதவன், அபகரித்தவன் என்று சொல்லி பிரான்சின் ஆன்ஜூ பிரபு சார்ல்ஸை அழைத்துவந்தார்கள். 26 பிப்ரவரி 1266 பெனவெந்தோவில் மான்ஃப்ரெட் மாண்டார். 16 வயதுக் கொன்ராடின் தாலியகோட்சோவில் தோற்று, 29 அக்டோபர் 1268இல் நேப்பிள்ஸ் சந்தைத் திடலில் தலை வெட்டப்பட்டார்.

மான்ஃப்ரெட்டின் ஆண் பிள்ளைகள் சாகவில்லை என்பதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். இரண்டாம் மனைவி ஹெலெனாவுக்குப் பிறந்த மூன்று மகன்களையும் சார்ல்ஸ் சிறு வயதிலேயே சிறையில் போட்டார். காஸ்தெல் தெல் மொந்தேயில், தாத்தா கட்டிய கோட்டையிலேயே வளர்ந்தார்கள். அவர்களில் ஹென்றி சிறையை விட்டு வெளியே வராமல் 1318இல் இறந்தார். முதல் மனைவியின் மகள் கான்ஸ்டன்ஸோ 1262இலேயே அரகான் இளவரசர் பேத்ரோவை மணந்து பாதுகாப்பாக இருந்தார். 1282இல் சிசிலி மக்கள் கலகம் செய்து பிரெஞ்சுக்காரர்களை விரட்டியபோது பேத்ரோ மனைவியின் உரிமையைச் சொல்லித்தான் தீவில் இறங்கினார். எனவே 1268இல் ஒரு தடித்த கோடு போட்டு முடித்துவிடாமல், கான்ஸ்டன்ஸிலிருந்து அரகான் பக்கம் ஒரு அம்புக்குறி.

குறிஞ்சிப்பூ:

அப்படியென்றால் அந்தியோக்கியாவின் பிரெடெரிக் எந்தப் பக்கம்? உயிலில் ஆஸ்திரியா பெற்றவரும் அவரும் ஒருவரா?

உப்பளக்காற்று:

இல்லை, வேறு வேறு. ஆஸ்திரியா எழுதி வைக்கப்பட்டவர் பேரன். அந்தியோக்கியாவின் பிரெடெரிக் மணத்துக்கு வெளியே பிறந்த மகன், 1246இல் தொஸ்கானாவுக்குப் பேரரசரின் பிரதிநிதி, இறந்தது 1256இல். ஒற்றைப் புள்ளிக் கோட்டில் என்ஸோவுக்குப் பக்கத்தில் வையுங்கள். பேரனை மூத்த ஹென்றிக்கும் ஆஸ்திரியாவின் மார்கரெட்டுக்கும் கீழே.